எங்கள் பகுதி அஞ்சலகமும் இணைப்புக் கோப்பும்

நகரத்துச் சிறிய அஞ்சலகம் எதுவும் ஒரே நாளில் மூடப்படுவதில்லை. இரண்டாவது கவுண்டரில் இருந்த எழுத்தர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படாமல் விடப்படுகிறது. பிறகு தபால்காரர்கள் வேறொரு பெரிய அலுவலகத்துக்கு மாற்றப்பட்டு, கடிதங்களும் பார்சல்களும் அங்கே பிரிக்கப்பட்டு விநியோகத்துக்கு வருகின்றன. கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் முடிந்த பிறகும் புதுப்பிக்கப்படாமல் மாதக்கணக்கில் இழுபடுகிறது. தனித்தனியாகப் பார்க்கும்போது இவை எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடிய சில்லறைச் சிக்கல்களாகவே தெரிகின்றன. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, அந்த அஞ்சலகத்தின் பெயர் ஏதோவொரு பட்டியலில் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்வதே நல்லது. எங்கள் பகுதியின் துணை அஞ்சலகம் அருகிலுள்ள மற்றொன்றுடன் இணைக்கப்படவிருக்கிறது என்ற செய்தி எங்களுக்கு எட்டியபோது, இந்த மூன்றும் அங்கே நடந்து முடிந்திருந்தன.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தமிழகத்தின் நடுத்தர அளவு நகரம் ஒன்றில், இப்போது மூடிக்கிடக்கும் ஒரு நூற்பாலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், அஞ்சலகத்தைத் தக்கவைக்க எழுதிய மனுக்கள் பெரும்பாலும் என் கையால் எழுதப்பட்டவை. கோப்பு இன்னும் முழுமையாக முடிவுக்கு வரவில்லை. ஆகவே ஊரின் பெயரையும் அஞ்சல் கோட்டத்தின் பெயரையும் குறிப்பிடாமல் விடுகிறேன். இதே நிலையில் இருக்கும் பிற பகுதியினருக்கு உதவும் என்ற எண்ணத்தில், நடந்ததையும் அதன் வழியே நாங்கள் தெரிந்துகொண்ட நடைமுறைகளையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் அஞ்சலகம் ஒரு கவுண்டரும் ஓர் அதிகாரியும் மட்டுமே கொண்டது. ஆலை ஓடிய காலத்தில், சம்பள நாளில் தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு மணியார்டர் அனுப்ப வாசல்வரை வரிசையில் நிற்பார்கள். ஆலை நின்றபின் அந்த வரிசை போய்விட்டது. ஆனாலும் இன்று வருபவர்கள் யார் என்று ஒரு காலைப்பொழுது அங்கே அமர்ந்து பார்த்தால், அந்த இடம் எதற்காக இருக்கிறது என்பது புரியும். ஆலையில் வேலை பார்த்தவர்கள் இப்போது வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் பெறுகிறார்கள். அதன் குறைந்தபட்சத் தொகை 2014ஆம் ஆண்டு முதல் மாதம் 1,000 ரூபாய்தான். ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய அவர்களில் பலருக்குக் கைரேகை தேய்ந்து போயிருப்பதால், கருவியில் விரலைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கப் பொறுமையுள்ள ஒருவர் எதிரே இருந்தாக வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கக்கூடிய ஐந்தாண்டுத் தொடர்வைப்பில் பணம் கட்டுகிறார்கள். பெண் குழந்தை பிறந்த வீடுகளில் 2015இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தின் பாஸ்புக் அநேகமாக இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் வங்கிக் கிளைக்குள் நுழையவே தயங்குபவர்கள். படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி உரிமையோடு கேட்கக்கூடிய ஒரே அரசு அலுவலகம் அவர்களுக்கு இதுதான்.

இணைப்புச் செய்தியை எங்களிடம் முதலில் கொண்டு வந்தவர் ஒரு மகளிர் சேமிப்பு முகவர். தொடர்வைப்புப் பணத்தை வீடு வீடாக வசூலித்து, பட்டியலோடு அஞ்சலகத்தில் கட்டுவது இவர்களுடைய வேலை. வசூலில் 4 விழுக்காடு அவர்களுக்குக் கமிஷனாகக் கிடைக்கிறது. "சார், இவ்வளவு நாளா நாலு தெரு தாண்டினா பணத்தக் கட்டிடலாம். இனிமே பணப்பையத் தூக்கிக்கிட்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போகணும்ங்கிறாங்க. மழை பெஞ்சா சுரங்கப்பாதையில இடுப்பளவு தண்ணி நிக்கும், அப்ப எப்படிப் போறது?" என்று அவர் கேட்டார். எங்கள் வழக்கின் மிக வலுவான வாதம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது என்பது பின்னால்தான் தெளிவானது.

நகரத்தின் வேறொரு பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன்பு இதேபோல் ஓர் அஞ்சலகம் இணைக்கப்பட்டிருந்தது. அங்கே முன்னின்றவர்களைச் சந்தித்து என்ன நடந்தது என்று கேட்டோம். அவர்கள் ஊர்வலம் போயிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுவைக் கொடுத்திருக்கிறார்கள். அது நாளிதழில் படத்தோடு வந்திருக்கிறது. கிடைத்த பதிலோ ஒரே பத்தி: குறைந்த வருவாய், மிக அருகில் மற்றொரு அஞ்சலகம் இருத்தல், கட்டடம் இன்மை ஆகிய காரணங்களால் நிர்வாக நலன் கருதி முடிவு எடுக்கப்பட்டது என்பதே அதன் சாரம். அந்த மனுவைப் படித்துப் பார்த்தேன். அஞ்சலகத்தின் பழமையைப் பற்றியும், அதனோடு மக்களுக்குள்ள பிணைப்பைப் பற்றியும் உருக்கமாக எழுதப்பட்டிருந்தது. அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். ஆயினும் துறை எந்த மூன்று காரணங்களைச் சொன்னதோ, அவற்றில் ஒன்றுக்குக்கூட அந்த மனுவில் பதில் இல்லை. ஆகவே நாங்கள் மனு எழுதுவதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, எங்கள் அஞ்சலகத்தைப் பற்றி அலுவலகக் கோப்பில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் அறிய முடிவு செய்தோம்.

அதற்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமே வழி. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். அதை அஞ்சல் ஆணையாகவே வாங்கி இணைக்கலாம், மத்திய அரசின் இணையதளம் வழியாகவும் செலுத்தலாம். கோட்ட அலுவலகத்தின் மத்தியப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போக வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். இந்த விண்ணப்பத்தை எழுதுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. "ஏன் மூடுகிறீர்கள்" என்று கேட்டால், கருத்துக் கேட்பது தகவல் ஆகாது என்று சொல்லித் திருப்பிவிட இடமிருக்கிறது. கோப்பில் இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேட்டால் அப்படித் தட்டிக்கழிப்பது எளிதல்ல. எனவே கடந்த ஐந்து நிதியாண்டுகளுக்கான வரவு செலவு விவரம், ஆண்டுவாரியாகச் சேமிப்புக் கணக்குகளின் எண்ணிக்கை, விரைவு அஞ்சல் பதிவுகளின் எண்ணிக்கை, கட்டட வாடகையும் ஒப்பந்தம் முடிந்த தேதியும், வாடகை தொடர்பாக உரிமையாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, இணைப்பு முன்மொழிவின் நகல், அதில் தொலைவு எப்படி அளக்கப்பட்டது என்பதற்கான குறிப்பு ஆகியவற்றை வரிசையாகக் கேட்டோம். பாதிக்கப்படுவோருக்கு நிர்வாக முடிவின் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு சொல்வதையும் விண்ணப்பத்தில் சுட்டிக்காட்டினோம். தனிப்பட்ட வாடிக்கையாளர்களின் விவரங்களைக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அதையே சாக்காகக் கொண்டு முழு விண்ணப்பத்தையும் மறுக்க வழி பிறந்துவிடும்.

வந்த தாள்களைச் சங்க அறையில் விரித்து வைத்துப் படித்தபோது, கோப்பு எந்தப் பாதையில் நகர்ந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று. நம் நாட்டில் ஏறத்தாழ 1,64,000 அஞ்சலகங்கள் உள்ளன. அவற்றில் பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில் இருக்கின்றன. கிராமத்துக் கிளை அஞ்சலகம் நட்டத்தில் இயங்கலாம் என்பதைத் துறையின் அளவுகோல்களே ஒப்புக்கொள்கின்றன. சாதாரணப் பகுதிகளில் செலவில் மூன்றில் ஒரு பங்கும், மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 15 விழுக்காடும் வருவாயாக வரும் என்றால் புதிய கிளை திறக்கலாம். நகரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. நகர்ப்புற அஞ்சலகம் தொடக்கத்திலேயே தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும்; முதலாம் ஆண்டு மீளாய்வில் 5 விழுக்காடு லாபமும் காட்ட வேண்டும். 20 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் இரு அஞ்சலகங்களுக்கிடையே 1.5 கிலோமீட்டரும், பிற நகரங்களில் 2 கிலோமீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும். இவையெல்லாம் புதிதாகத் திறப்பதற்கென வகுக்கப்பட்டவை. எங்கள் கோப்பிலோ, ஏற்கெனவே இருப்பதை இணைப்பதற்கும் இவையே நியாயமாகக் காட்டப்பட்டிருந்தன. நகர்ப்புற ஏழை, கிராமத்து ஏழையைவிட எந்த வகையில் வசதி படைத்தவர் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் கொள்கை விவாதத்தைக் கோட்ட அலுவலகத்தின் மேசையில் நடத்த முடியாது. அங்கே எடுபடுவது தொலைவும் வருவாயும் கட்டடமும்தான்.

தொலைவைப் பற்றிய குறிப்பு எங்களுக்குச் சாதகமாக அமைந்தது. இரு அஞ்சலகங்களுக்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை என்று கோப்பு சொன்னது. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளந்தால் அது சரிதான். ஆனால் அந்தக் கோடு ரயில் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மனிதர் நடந்து போவதற்குச் சுரங்கப்பாதை வரை சென்று, அதில் இறங்கி ஏறி, மீண்டும் அதே தொலைவு திரும்பி வர வேண்டும். மொத்தத்தில் ஏறத்தாழ இரு மடங்கு. சங்கத்து இளைஞர்கள் கைப்பேசியில் நடைவழித் தொலைவைப் பதிவு செய்து, எங்கே நடைபாதை இல்லை, எங்கே சாலையைக் கடக்க வேண்டும், மழைக்காலத்தில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்பதைப் படங்களுடன் ஒரு தாளில் வரைந்தார்கள். பருவமழையின்போது சுரங்கப்பாதை மூடப்பட்ட நாட்களைப் பற்றி நாளிதழ்களில் வந்த செய்தி நறுக்குகளையும் சேர்த்தோம். எங்கள் மனுவில் அதிகாரிகள் நின்று படித்த பக்கம் அதுதான் என்று நினைக்கிறேன், ஏனெனில் அடுத்து வந்த ஆய்வாளர் அந்த வழியை நடந்தே பார்த்துவிட்டுத்தான் போனார்.

வருவாய் இதைவிடக் கடினமான பகுதி. இங்கே வாதத்தைவிட வேலைதான் அதிகம். அஞ்சலகத்தின் வருவாய் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது பொதுவாக மக்களுக்குத் தெரிவதில்லை. சேமிப்புக் கணக்கில் நாம் போட்டு வைத்திருக்கும் பணம் அஞ்சல் துறையின் வருவாய் அன்று. அது அரசின் சிறுசேமிப்பு நிதிக்குப் போய்விடுகிறது. அந்தக் கணக்குகளைப் பராமரிக்கும் வேலைக்காகக் கணக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்ற முறையில் நிதி அமைச்சகம் துறைக்கு ஊதியம் வழங்குகிறது. ஆகவே ஒருவர் பெருந்தொகையை ஒரே கணக்கில் வைத்திருப்பதைக் காட்டிலும், பல குடும்பங்கள் சிறு சிறு கணக்குகளை உயிரோடு வைத்திருப்பது அஞ்சலகத்துக்கு வலு சேர்க்கும். இது தெரிந்தபோது எங்களுடைய முயற்சியின் திசையே மாறியது. மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து வரவோ எடுப்போ இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். பாஸ்புக்கையும் புதிய அடையாள, முகவரிச் சான்றுகளையும் கொடுத்து அதை உயிர்ப்பிக்கலாம். எங்கள் தெருக்களில் பெட்டியின் அடியில் மறந்து கிடந்த பாஸ்புக்குகள் வியக்கத்தக்க அளவில் இருந்தன. சில கணக்குகளில் இருப்பு 500 ரூபாய்க்குக் கீழே போய், ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் பிடிக்கப்பட்டு வந்தது. இறந்துபோன கணவரின் கணக்கில் பணம் இருப்பதையே அறியாத ஒரு மூதாட்டிக்கு, வாரிசு நியமனப் பதிவைத் தேடியெடுத்து அந்தத் தொகையைப் பெற்றுத் தந்தோம். அவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடாமல் தன் பேத்தியின் பெயரில் செல்வமகள் கணக்கு தொடங்கச் சொன்னார்.

இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் பகுதியில் குடியிருந்தபடியே தலைமை அஞ்சலகத்தில் கணக்கு வைத்திருந்தவர்கள் பலர். மையக் கணினி முறை வந்தபிறகு எந்த அஞ்சலகத்திலும் பணம் கட்டலாம் என்பதால், கணக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதில்லை. ஆனால் கணக்கு எந்த அலுவலகத்தின் பெயரில் இருக்கிறதோ, அதன் எண்ணிக்கையில்தான் அது சேரும். மாற்றல் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் கணக்கு எண் மாறாமலே கணக்கை இங்கே கொண்டுவந்துவிடலாம். அதைச் சேமிப்பு முகவர்கள் வீடு வீடாகச் சொல்லிச் செய்ய வைத்தார்கள். எந்த வீட்டில் எந்தக் கணக்கு இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் இல்லாமல் இந்த வேலை ஒரு தெருவைக்கூடத் தாண்டியிருக்காது.

அஞ்சல் பதிவுகளைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்து சேலையும் மசாலாப் பொடியும் விற்கும் பெண்களிடமும், அச்சகம் ஒன்றிடமும், இரண்டு வழக்கறிஞர்களிடமும் பேசினோம். தனியார் கூரியரில் அனுப்பி வந்ததில் ஒரு பகுதியை விரைவு அஞ்சலுக்கு மாற்ற அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சல் தனிச் சேவையாக இல்லாமல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதில் வழக்கறிஞர்களுக்கு வருத்தம் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் 5 ரூபாயும் வரியும் கூடுதலாகச் செலுத்தினால் விரைவு அஞ்சலிலேயே பதிவு வசதி கிடைக்கிறது என்று விளக்கிய பிறகு தயக்கம் நீங்கியது. எங்கள் மனுக்களையும் இதே கவுண்டரில், இதே முறையில்தான் அனுப்பினோம். ஓர் எச்சரிக்கை: ஒரே மாதத்தில் கூட்டமாகப் போய்ப் பதிவுகளைக் குவிப்பதால் பயனில்லை. கோப்பில் பார்க்கப்படுவது ஆண்டுக் கணக்கு; திடீரென ஏறி இறங்கும் எண்ணிக்கையை அனுபவமுள்ள அதிகாரி உடனே அடையாளம் கண்டுகொள்வார். வழக்கமாக அனுப்ப வேண்டியதை இங்கே அனுப்புங்கள் என்பதற்கு மேல் யாரிடமும் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

கட்டடம்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. பல பகுதிகளில் இணைப்புக்கு உடனடித் தூண்டுதலாக இருப்பதும் அதுதான் என்பது என் கணிப்பு. கட்டட உரிமையாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர் காலத்தில் நிர்ணயித்த வாடகையில் நீண்ட காலம் ஓட்டிவிட்டார்கள். இப்போது பிள்ளைகளிடம் பக்கத்துக் கடைக்கு வரும் வாடகையைச் சொன்னால் அவர்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? துறையோ, நியாய வாடகையை மதிப்பிடும் குழு நிர்ணயிக்கும் தொகைக்கு மேல் தர இயலாது என்கிறது. அந்தக் குழு எப்போது வரும், எந்த அடிப்படையில் மதிப்பிடும் என்பது உரிமையாளருக்கும் தெரியவில்லை. கோட்டத்திலும் யாரும் அவரிடம் விளக்கியிருக்கவில்லை. இரு தரப்பும் கடிதம் எழுதிக்கொள்வதை நிறுத்தியே பல மாதங்கள் ஆகியிருந்தன. சங்கத்தின் சார்பில் நாங்கள் செய்தது மிக எளிய வேலை: அக்கம்பக்கத்தில் அலுவலகப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட இடங்களின் வாடகை ஒப்பந்த நகல்களைச் சேகரித்துக் கொடுத்தோம்; மறுமதிப்பீடு கோரி உரிமையாளரை முறையாக எழுத வைத்தோம்.

அது பலிக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்காக மாற்று இடமும் பார்த்து வைத்தோம். மாநகராட்சிக்குச் சொந்தமான, பயன்பாட்டில் இல்லாத ஓர் அறை வார்டிலேயே இருந்தது. அஞ்சல் என்பது அரசமைப்புச் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 31ஆம் இனமாக உள்ள பொருள். ஆகவே மாமன்ற உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ இணைப்பை நிறுத்தும்படி ஆணையிட முடியாது. ஆனால் இடம் தர அவர்களால் முடியும். எங்கள் மாமன்ற உறுப்பினரிடம் அறிக்கை விடச் சொல்லாமல் அந்த அறையைக் கேட்டோம். அஞ்சலகத்துக்கு இடம் கொடுப்பதாக வாயால் சொன்னால் கோப்பு நகராது. தரைத்தளமாக இருக்க வேண்டும், சாய்தளம் அமைக்க வசதி வேண்டும், இரும்புப் பெட்டகத்தைத் தரையில் பதிக்க அனுமதி வேண்டும், ஜன்னல்களுக்குக் கம்பி வேண்டும், தடையற்ற மின்சாரமும் இணைய இணைப்பும் கழிப்பறையும் வேண்டும். இவை அனைத்தையும் அளவுகளோடும் வரைபடத்தோடும் எழுதி, சொத்துவரி ரசீது நகலுடன் இடம் தர முன்வரும் கடிதத்தைக் கோட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்பினோம். மாற்று இடம் எழுத்தில் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு பழைய உரிமையாளருடனான பேச்சும் வேகம் பிடித்தது.

இவ்வளவும் கையில் சேர்ந்த பிறகே மனு எழுதினோம். அது கோட்டக் கண்காணிப்பாளருக்கும், மண்டல அஞ்சல்துறைத் தலைவருக்கும், சென்னையில் உள்ள தலைமை அஞ்சல்துறைத் தலைவருக்கும் போயிற்று. மொத்தமாகக் கையெழுத்து வாங்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு குடும்பமும் தாங்கள் அஞ்சலகத்தில் செய்யும் காரியம் என்ன, மாதம் எத்தனை முறை போகிறார்கள், அடுத்த அஞ்சலகத்துக்குப் போக முடியாதவர் வீட்டில் யார் இருக்கிறார் என்பதைத் தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதினார்கள். கணக்கு எண்களை எவரும் எழுதக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம், ஏனெனில் பல கைகளுக்குப் போகும் தாளில் அது இருப்பது பாதுகாப்பன்று. காலாண்டுக்கு ஒரு முறை நடக்கும் அஞ்சல் குறைதீர்ப்பு முகாமில் இதை நேரில் எடுத்துச் சொன்னோம். மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்தோம். அங்கே 21 நாட்களுக்குள் தீர்வு தர முயல வேண்டும் என்பது விதி என்றாலும், முதலில் வந்தது "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில்தான். நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதம் எங்களுக்கு உண்மையாகவே உதவியது. அவருக்கு இரண்டு பக்கங்களுக்கு மிகாத குறிப்பொன்றைத் தயாரித்துக் கொடுத்ததால், அவருடைய அலுவலகம் அதிலிருந்த செய்திகளை அப்படியே தகவல் தொடர்பு அமைச்சகத்துக்கு எழுத முடிந்தது.

அஞ்சலக ஊழியர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அஞ்சலக அதிகாரிக்கும் தபால்காரர்களுக்கும் இந்த முயற்சியில் அக்கறை இருந்தது. ஆயினும் அவர்கள் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். வாடிக்கையாளர்களைத் தூண்டிவிட்டார் என்று ஒரு குறிப்பாணை வந்தால் போதும், அவர்களின் பணி வாழ்க்கை சிக்கலாகிவிடும். எனவே அவர்களிடம் எந்தக் கணக்கையும் வாய்மொழியாகக் கேட்பதில்லை, மனுவில் அவர்கள் பெயரைப் பாராட்டாகக்கூடக் குறிப்பிடுவதில்லை, அலுவலகத்துக்குள் கூட்டம் போடுவதில்லை என்று தீர்மானித்துக் கடைப்பிடித்தோம். பேச விரும்பியவர்கள் தங்கள் தொழிற்சங்கத்தின் வழியாகப் பேசினார்கள்.

இந்த வேலையின்போது சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். 1898ஆம் ஆண்டின் பழைய அஞ்சலகச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ளது. ஓர் அஞ்சலகத்தை மூடுவதற்கு முன் அங்குள்ள மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற பிரிவு எதையும் அதில் நான் காணவில்லை. அமெரிக்கச் சட்டம் இதில் வேறுபடுகிறது. அங்கே அஞ்சலகத்தை மூடவோ இணைக்கவோ எண்ணினால் குறைந்தது 60 நாட்களுக்கு முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும். முடிவு வெளியான 30 நாட்களுக்குள் அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். நட்டத்தில் இயங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சிறிய அஞ்சலகம் எதையும் மூடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அப்படி இருந்தும் அங்கு அஞ்சலகங்கள் மூடப்படுகின்றன என்பது உண்மைதான். ஆனால் மக்கள் செய்தியைக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டு அலைய வேண்டியதில்லை. முன்கூட்டியே அறிவிப்பும் மேல்முறையீடும் நம் சட்டத்திலும் வர வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கொடுத்த குறிப்பின் இறுதியில் எழுதினேன்.

இப்போதைய நிலை இது. இணைப்பு ஆணை பிறப்பிக்கப்படவில்லை. பழைய உரிமையாளர் மறுமதிப்பீட்டுத் தொகையை ஏற்றுக்கொண்டார், அஞ்சலகம் அதே இடத்தில் தொடர்கிறது. ஓராண்டு வருவாயைப் பார்த்த பிறகு முன்மொழிவு மீண்டும் ஆராயப்படும் என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. தபால் விநியோகத்தைத் திரும்ப இங்கே கொண்டுவர வேண்டும் என்ற எங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. வீட்டில் ஆளில்லாதபோது வரும் பார்சலுக்காக இன்றும் ரயில் பாதையைத் தாண்டித்தான் போகிறோம். இரண்டாவது எழுத்தர் பணியிடமும் நிரப்பப்படவில்லை. அதிகாரி விடுப்பில் போனால், மாற்று ஆள் வரும்வரை கவுண்டர் திறப்பதில்லை.

ஓராண்டுக்குப் பின் முடிவு எப்படி வந்தாலும் மக்கள் தடுமாறாமல் இருக்கச் சில ஏற்பாடுகளைச் செய்து வருகிறோம். எல்லாப் பாஸ்புக்குகளிலும் இன்றைய இருப்பு அச்சாகியிருக்கிறதா, வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா, கைப்பேசி எண் இணைந்திருக்கிறதா என்று முகவர்களும் மாணவர்களும் வீடு வீடாகச் சரிபார்க்கிறார்கள். இணைப்பு நடந்தாலும் கணக்கு எண் மாறாது, வட்டி குறையாது, பணம் எங்கும் போய்விடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு இணைக்கப்பட்ட பகுதியில், அச்சத்தால் முதிர்வுக்கு முன்பே கணக்கை முடித்து வட்டியை இழந்தவர்கள் இருந்தார்கள். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு, 2018இல் தொடங்கிய அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியின் வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து பணம் தரும் வசதியையும் உயிர்வாழ் சான்று எடுக்கும் வசதியையும் இப்போதே பழக்கப்படுத்தி வருகிறோம். கவுண்டர் போனாலும் வாசலில் உள்ள தபால் பெட்டியை எடுக்கக் கூடாது, வாரத்தில் சில நாட்களாவது பேருந்து நிறுத்தத்தின் அருகே முகாம் நடத்த வேண்டும் என்ற இரு கோரிக்கைகளையும் தனிக் கடிதமாக எழுதி, கண்காணிப்பாளரின் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கி வைத்திருக்கிறோம்.